தொட்டிக்குள் ஒரு சாட்சி

5

அரியலூர் உறுதி டெஸ்டிங் லேபின் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி இறங்கியபோது அறிவரசனின் தலை நரைத்திருந்தது. வயசு இருபத்தாறுதான். பெரம்பலூரில் கிளம்பும்போது முடி கறுப்பாகத்தான் இருந்தது. வழி நெடுகச் சிமென்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே வந்ததில் முப்பது வருஷம் ஓடிவிட்டது.

"அக்கா, இந்தக் கோலத்துல என்னைப் பார்த்தா எங்கம்மா பொண்ணு தேடறதையே நிறுத்திடும்."

"இப்ப மட்டும் வரிசையில நிக்குறாளுவளாக்கும்" என்றபடி பின்சீட்டிலிருந்து இறங்கினாள் உண்ணாமலை.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள்; அறிவரசன் அவளுடைய உதவியாளன். ஐம்பதைத் தொட்ட வயசு. தோளில் ஒரு ரெக்சின் பை. பைக்குள் பூதக்கண்ணாடி, டார்ச் லைட் எல்லாம் கிடையாது; வேகவைத்த மக்காச்சோளம் மட்டும்தான். பேரைக் கேட்டுவிட்டு விரதக்காரி என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவள் வாய் ஓய்ந்து அறிவரசன் பார்த்ததில்லை.

வாசலில் ஒரு போர்டு. அறிவரசன் உரக்கப் படித்தான்.

"காய்ச்சல் வருவதற்கு முந்தைய நாளே லீவு கேட்க வேண்டும். டீயை நின்றுகொண்டே குடிக்க வேண்டும். எம்.டி. பேசும்போது அவருடைய ஷூவை மட்டுமே பார்க்க வேண்டும்; முகத்தைப் பார்ப்பது திமிர், வேறெங்காவது பார்ப்பது அலட்சியம். அக்கா, இது லேபா, ஜெயிலா?"

"ஜெயில்ல உக்காந்து டீ குடிக்கலாம்டா. வா."

உள்ளே ஒரே பெரிய கூடம். ஒரு பக்கம் மணல் சலிக்கும் சல்லடைகள், இன்னொரு பக்கம் நீளமான தண்ணீர்த் தொட்டி, மூலையில் ஆளுயர மிஷின். கட்டடம் கட்டுகிறவர்களின் கலவையைச் சதுரக் கட்டியாக வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, குறித்த நாளில் அந்த மிஷினில் வைத்து நசுக்கி, கான்க்ரீட் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்வதுதான் இங்கே தொழில். கட்டிக்கு இவர்கள் வைத்திருக்கும் பேர் க்யூப்.

கூடத்தின் நடுவே ஒரு மரமேடை. மேடைமேல் மேஜை, இரும்பு பீரோ, அப்புறம் மைக்கோடு எம்.டி. ஜெயசீலன். கயிறு திரித்தது போல முறுக்கிய மீசை.

"நான் உங்களுக்கு எம்.டி. இல்ல... அப்பா!" என்று மைக் கரகரத்தது. "அப்பா மனசு உடைஞ்சு போயிருக்கேன்! என் பிள்ளைகள்ல ஒண்ணு திருடிடுச்சு!"

கீழே ஊழியர்கள் வரிசையாக நின்று அவருடைய ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் தலையிலும் ஹெல்மெட்.

"கட்டட வேலை எதுவும் நடக்கலியே, எதுக்கு ஹெல்மெட்?" என்று அறிவரசன் கிசுகிசுத்தான்.

"சார் பேசும்போது போட்டுக்கணுங்க" என்று கடைசியில் நின்றவர் உதடு அசையாமல் சொன்னார். "பாதுகாப்பு விதி."

கூட்டம் முடிந்ததும், அவர்களை வரவழைத்திருந்த ஜெயசீலன் மேடையிலேயே விஷயத்தைச் சொன்னார். இங்கே வேலைக்குச் சேருகிற எல்லாரும் ஒரிஜினல் சர்டிபிகேட்டை அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதெல்லாம் இருப்பது இந்த பீரோவில். பீரோவின் சாவி போன வாரம் காணாமல் போய்விட்டது.

"பிள்ளைங்க சர்டிபிகேட் அப்பாகிட்ட எதுக்கு சார்?" என்றாள் உண்ணாமலை.

"வூட்டை விட்டு ஓடிடக் கூடாதுல்ல மேடம்?"

"யார் மேல சந்தேகம்?"

ஜெயசீலன் விரலை நீட்டினார். மேடைக்குக் கீழே, தூணோரம், ஒல்லியான ஒரு பெண் தனியாக நின்றிருந்தாள். "சிந்து. தா.பழூர்க்காரி. அன்னைக்கு வந்து சர்டிபிகேட்டைக் குடுங்கன்னு கேட்டா. நான் என்ன அரக்கனா? பீரோவைத் திறந்து, இதோ பாரு, பத்திரமா இருக்குன்னு காட்டினேன். காட்டிட்டு சாத்தினேன். அப்புறம் கொஞ்சம் அறிவுரை சொன்னேன். சொல்லி முடிச்சுப் பார்த்தா கையில சாவி இல்ல. பக்கத்துல நின்னது இவ ஒருத்திதான்."

"கொஞ்சம்னா எவ்வளவு நேரம் சார்?"

"சாப்பாட்டு நேரம் வரைக்கும்."

"டூப்ளிகேட் சாவி?"

"அதுவும் அதே வளையத்துலதான் கிடந்துச்சு. தனியா வச்சா இதுங்க எடுத்துடுமே!"

அறிவரசன் இருமினான். சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அவனுக்கு நல்ல பழக்கம் உண்டு. "பீரோவை உடைச்சிடலாமே சார்?"

ஜெயசீலனின் மீசை முதல் தடவையாகத் தொங்கியது. "என் மாமியார் சீர் குடுத்த பீரோப்பா. இதுல ஒரு கீறல் விழுந்துச்சுன்னா என் வூட்டுக்காரி என் மேல ரெண்டு கீறல் போட்டுடுவா."

பீரோக் கதவின் நடுவில் குறுக்காக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதன்மேல் அவருடைய கையெழுத்து, தேதி, லேபின் முத்திரை. சாவி தொலைந்த கையோடு, யாரும் தொடக் கூடாது என்று அவரே போட்ட சீல். பீரோவைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு வேறு.

"கேமரா?" என்று மேலே பார்த்தாள் உண்ணாமலை. கூடம் முழுக்கக் கேமராக்கள் முறைத்துக்கொண்டிருந்தன.

ஜெயசீலன் குரலைத் தாழ்த்தினார். "அது வந்து... எல்லாம் பொம்மை மேடம். உள்ள ஒண்ணும் கிடையாது. இதுங்ககிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டோம் சார்" என்றான் அறிவரசன். "ஆனா மைக்கு ஆன்ல இருக்கு."

கீழே சல்லடையைச் சலித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் ஒரு நிமிஷம் நின்றன.

*

சிந்துவிடம் முதலில் பேசினாள் உண்ணாமலை. பேசுவதற்கு முன் பாதிச் சோளத்தை ஒடித்துக் கொடுத்தாள். காலையிலிருந்து நிற்க வைக்கப்பட்ட பெண் அதை வாங்கி ஹெல்மெட்டுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"கவர்மென்ட்டு வேலைக்குப் பரீட்சை எழுதி பாஸ் பண்ணியிருக்கேன்க்கா. நாளைக்குக் காலையில சென்னையில சர்டிபிகேட் சரிபார்க்கிறாங்க. ஒரிஜினல் இல்லாம போனா பேரை அடிச்சிடுவாங்க. சாயங்காலம் ரயிலு." கண் கலங்கியது, ஆனால் பார்வை பழக்கதோஷத்தில் உண்ணாமலையின் செருப்பில்தான் இருந்தது. "இத்தனை நாள் கெஞ்சிப் பார்த்துட்டேன். சாவியக் குடுத்தாத்தான் சர்டிபிகேட்டுங்கிறாரு. இல்லாத சாவிய நான் எங்கேருந்துக்கா குடுப்பேன்?"

"அன்னைக்கு நீ என்ன பார்த்த?"

"ஷூவைத்தான்க்கா."

அடுத்து ரிப்போர்ட் டைப் செய்யும் பரிமளா. "சார் பிரவுன் ஷூ போட்டிருந்தாருங்க. இடது ஷூ லேஸ் அவுந்திருந்துச்சு."

"அவர் கையில என்ன இருந்துச்சு?"

"மேடம், சாருக்கு முழங்காலுக்கு மேல நடக்கிறது எதுவும் எனக்குத் தெரியாதுங்க."

மணல் சலிக்கும் நடராசன், "எகிறி எகிறி குதிச்சுச்சு மேடம்" என்றார்.

"யாரு, சாரா?"

"ஷூ."

அறிவரசன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகினான். "அக்கா, கேஸ் முடிஞ்சுது. சாவியத் திருடினது ஷூதான். எல்லாச் சாட்சியும் அங்கதான் போகுது."

"பாதி சரியாத்தான் சொல்ற" என்றாள் உண்ணாமலை, வரிசை மாறாமல் சோளத்தைக் கடித்துக்கொண்டே.

கடைசியாக ராசாங்கம். மீன்சுருட்டிக்காரர், க்யூப் வார்க்கிறவர். ஹெல்மெட்டில் இரண்டு இடத்தில் பள்ளம்.

"இது என்னண்ணே பள்ளம்?"

ராசாங்கம் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "இது பேப்பர் வெயிட்டு. இது போன பொங்கலுக்கு எங்களுக்குக் குடுக்கறதா இருந்த எவர்சில்வர் டப்பா. சாருக்குக் கோவம் வந்தா கையில இருக்கிறது பறக்குங்க."

"பறந்ததெல்லாம் அப்புறம் எங்க போகும்?"

"பொறுக்கி சார் மேஜையில வச்சிடணும். எதை வீசினாருன்னு பார்க்க முடியாதுங்களே, கண்ணு ஷூவுல இருக்கும். அதனால காதுல கணக்கு வச்சுக்குவோம். டங்குன்னா டம்ளரு. டொப்புனா டைரி. கூட்டம் முடிஞ்சதும் சத்தம் வந்த பக்கமாப் போயி எடுத்துக்குவோம்."

"அன்னைக்கு?"

"டம்ளரு, ஸ்டேப்ளரு, காலண்டரு. எல்லாத்தையும் எடுத்து வச்சோம். ஒண்ணுகூடக் குறையலிங்க."

உண்ணாமலையின் தாடை நின்றது. அறிவரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அக்கா மெல்லுவதை நிறுத்தினால் யாரோ மாட்டப்போகிறார்கள் என்று அர்த்தம்.

அவள் எழுந்து கூடத்தைச் சுற்றி நடந்தாள். தரை கண்ணாடி மாதிரி மின்னியது. இட்லியை நேராகத் தரையில் வைத்துச் சாப்பிடலாம். ஆனால் இடுப்புக்கு மேலே வந்தால் எல்லாம் தூசி. ஜன்னல் கம்பியில் தூசி. சுவரில் வரிசையாக மாட்டியிருந்த 'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்' படங்களில் - எல்லா மாதமும் ஜெயசீலனேதான் - மூஞ்சியே தெரியாத அளவுக்கு ஒட்டடை.

"பார்த்தியாடா அறிவு? ஷூ போற இடம் மட்டும் சுத்தம். ஏன்னா இங்க யாரும் நிமிர்றதில்ல."

சுவரோரம், க்யூப் வார்க்கிற இடத்துக்கு நேர் மேலே, ஒரு போர்டு: 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்'. அவள் அதற்கு முன்னால் போய் நின்றாள்.

"ராசாங்கம் அண்ணே, இந்த போர்டை யாரும் துடைக்கிறதில்லையா?"

"அதைப் பார்த்தா வயிறு எரியுதுங்க. அதனால பார்க்கிறதே இல்ல."

போர்டில் 'குடும்பம்' என்ற சொல்லின் மேல் காய்ந்த சிமென்ட் பொட்டுகள், கீழேயிருந்து மேலே தெறித்த மாதிரி. அறிவரசன் விரலால் தடவினான். "அம்மை போட்டிருக்குக்கா குடும்பத்துக்கு."

"கலவையக் கம்பியால குத்தும்போது இவ்வளவு உயரத்துக்குத் தெறிக்குமாண்ணே?"

ராசாங்கம் கொஞ்சம் யோசித்தார். "குத்தினா தெறிக்காதுங்க. மேலேருந்து ஏதாவது விழுந்தாத்தான் தெறிக்கும்."

"அன்னைக்கு சார் அறிவுரை சொன்னப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"இங்கதான் க்யூப் போட்டுட்டிருந்தேன். சார் பேசினாலும் கை நிக்கக் கூடாது. கண்ணு ஷூவுல, கை கம்பியில. குத்திக்கிட்டே..."

ராசாங்கம் பாதியில் நிறுத்தினார். திரும்பித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். அப்புறம் உண்ணாமலையின் முகத்தை, ஆமாம், முகத்தையே பார்த்தார்.

"அய்யய்யோ" என்றார்.

"சத்தம் போடாதீங்க" என்றாள் உண்ணாமலை. "அன்னைக்குப் போட்ட க்யூப் எப்ப உடைக்கிறது?"

"ஏழாம் நாள் உடைக்கணும். இன்னைக்குத்தாங்க!"

*

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" ஜெயசீலன் நாற்காலியிலிருந்து துள்ளினார். "சிந்துதானே?"

"யாருன்னு இப்பக் காட்டிடறேன் சார். அதுக்கு முன்னாடி தண்டனை என்னன்னு தெரிஞ்சா நல்லது. அப்புறம் ஆளைப் பார்த்துட்டு மனசு இளகிடப் போறீங்க."

"எனக்கா? இளகுமா?" அவர் மைக்கை எடுத்தார். "எல்லாரும் கேட்டுக்குங்க! சாவி காணாம போனதுக்கு யாரு காரணமோ, அவங்க இந்த மேடையில எல்லார் முன்னாடியும் தலை குனிஞ்சு நின்னு மன்னிப்பு கேட்கணும்!"

"சிந்து காரணம் இல்லைன்னா?"

"இல்லைன்னா அவளுக்கு என்ன, எல்லாருக்குமே சர்டிபிகேட்டைத் திருப்பிக் குடுத்துடறேன்! போதுமா?"

அவருடைய குரல் கூடத்தின் நான்கு ஸ்பீக்கரிலும் மோதி, வாசலில் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டை ஓட வைத்தது.

"போதும் சார்" என்றான் அறிவரசன் பணிவாக. "ஆட்டுக்கே கேட்டுடுச்சு."

தொட்டியிலிருந்து மூன்று க்யூப்களை எடுத்து வைத்தார் ராசாங்கம். எல்லாரும் மிஷினைச் சுற்றிக் கூடினார்கள்.

முதல் க்யூப் உள்ளே போனது. மிஷின் உறுமியது. அழுத்தம் ஏறியது. பட்டென்று கட்டி பிளந்து பக்கங்கள் உதிர்ந்தன. ராசாங்கம் சில்லுகளைக் கிளறினார். ஜல்லி. வெறும் ஜல்லி.

"என்ன மேடம், கல்லுக்குள்ள தேரையத் தேடறீங்களா?" என்றார் ஜெயசீலன்.

இரண்டாவது. உறுமல். பட். மறுபடியும் ஜல்லி.

அறிவரசனுக்குக் காதோரம் வியர்த்தது. நரைத்த தலையிலிருந்து சிமென்ட் கரைந்து கழுத்தில் வழிந்தது. சிந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா," என்று அவன் உண்ணாமலையின் காதில் சொன்னான், "மூணாவதும் ஜல்லின்னா நாம வாசல் வழியா ஓடறதா, ஜன்னல் வழியாவா?"

"ஜன்னல்ல தூசிடா. சட்டை அழுக்காயிடும்."

மூன்றாவது க்யூப். மிஷின் உறுமியது. முள் ஏறியது, ஏறியது... பட். அதோடு இன்னொரு சத்தம். க்ரீச்.

ராசாங்கம் கையை விட்டார். உதிர்ந்த கான்க்ரீட்டுக்குள்ளிருந்து ஒரு பித்தளை வளையம் எட்டிப் பார்த்தது.

கூடியிருந்தவர்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

"அன்னைக்கு சார் நாலு பொருள் வீசியிருக்காரு" என்றாள் உண்ணாமலை. "மூணு சத்தம் போட்டுச்சு, பொறுக்கிட்டீங்க. நாலாவது ஈரக் கலவையில விழுந்துச்சு. சத்தமே வரல. குடும்பத்து மேல மட்டும் தெறிச்சுச்சு. ராசாங்கம் அண்ணன் ஷூவைப் பார்த்துக்கிட்டே அதை நல்லாக் குத்தி உள்ள இறக்கிட்டாரு. சட்டப்படி வேலை பார்த்திருக்காரு. கண்ணைக் கீழ இறக்கி ஒரு பார்வை பார்த்திருந்தா அது அலட்சியம்னு ஆயிருக்கும்."

"நான்... நான் வீசவே மாட்டேன்!" என்றார் ஜெயசீலன். "கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவேன்!"

ஊழியர்கள் ஒருவர் பின் ஒருவராக ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். பள்ளம் விழுந்த பக்கத்தை அவர் பார்க்கும்படித் திருப்பிப் பிடித்தார்கள்.

ஜெயசீலனின் முகம் கறுத்தது. ஆனால் அடுத்த நொடியே மீசை மெல்ல மேலேறியது. வளையத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினார். இரண்டு சாவிகளும் ஹேர்பின் மாதிரி வளைந்து நசுங்கியிருந்தன.

"அடடா! ரெண்டும் போச்சே!" குரலில் தேன். "நான் குடுக்கணும்னுதான் நினைக்கிறேன். வாக்குன்னா வாக்கு. ஆனா பீரோ திறக்காதே, என்ன பண்றது? சென்னைக் கம்பெனிக்கு எழுதிப் போட்டுப் புதுச் சாவி வரவழைக்கணும். ஒரு மாசம் ஆகுமா... ரெண்டு மாசம் ஆகுமா..."

சிந்து தூணில் சாய்ந்துகொண்டாள். அறிவரசனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நக்கல் எதுவும் வாயில் வரவில்லை.

உண்ணாமலை மிச்சச் சோளத்தைக் கடித்து முடித்தாள். சக்கையைப் பையில் போட்டுக் கையைத் துடைத்தாள். மேடை ஏறினாள். சாக்பீஸ் கோட்டைத் தாண்டினாள். நகத்தால் காகித சீலைச் சர்ரென்று கிழித்தாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள்.

பீரோ திறந்துகொண்டது.

உள்ளே வரிசையாக, பிளாஸ்டிக் உறைகளில், எல்லாருடைய சர்டிபிகேட்டும்.

"அக்கா!" என்று அலறினான் அறிவரசன்.

"சிந்துவுக்குத் திறந்து காட்டினேன், சாத்தினேன்னு சொன்னீங்க சார். பூட்டினேன்னு சொல்லவே இல்ல. அதுக்குள்ள அறிவுரை வந்துடுச்சு. கையிலேருந்த சாவி பறந்துடுச்சு. அதுக்கப்புறம் எதை வச்சுப் பூட்டியிருப்பீங்க? இத்தனை நாளா இது சும்மா சாத்தித்தான் கிடக்கு. நீங்க தப்பே பண்ண மாட்டீங்கன்னு நீங்க நம்பினீங்க. தொட்டா என்ன ஆகுமோன்னு இவங்க பயந்தாங்க. ஒரு ஆள் கைப்பிடிய இழுத்துப் பார்க்கல."

"வந்ததுமே தெரியுமாக்கா?"

"முதல் சோளத்துலேயே தெரியும்."

"அப்பவே தொறந்திருக்கலாமே! ஜன்னல் வரைக்கும் யோசிச்சுட்டனே நானு!"

"அப்பத் தொறந்திருந்தா இந்தப் பொண்ணு கையில சர்டிபிகேட் இருக்கும், நெத்தியில திருடின்னு பட்டமும் இருக்கும். ரெண்டுல ஒண்ணு மட்டும் போதும்டா அதுக்கு."

ஜெயசீலன் மேடைக்குத் தாவினார். வலது கை தானாக மைக்கைப் பிடுங்கித் தலைக்கு மேல் ஓங்கியது. இந்த லேபில் அந்தக் கை உயர்ந்தால் அத்தனை தலையும் குனிய வேண்டும், அதுதான் வழக்கம்.

யாரும் குனியவில்லை.

பரிமளா பார்த்தாள். நடராசன் பார்த்தார். ராசாங்கம் பார்த்தார். சிந்து நேராக அவர் கண்ணையே பார்த்தாள். இத்தனை கண்களை ஒரே சமயத்தில் ஜெயசீலன் சந்தித்ததே இல்லை. ஓங்கிய கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பார்வை வைக்க வேறு இடம் கிடைக்காமல் தன் ஷூவையே பார்த்தார். இடது லேஸ் இன்னும் அவிழ்ந்துதான் கிடந்தது.

"மன்னிச்சிக்குங்க" என்றார் தரையைப் பார்த்து.

"மைக்குல சார்" என்றான் அறிவரசன். அவனுக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. "ஆடு காத்துக்கிட்டிருக்கு."

*

வாசலில் ஸ்கூட்டி உறுமியது. பின்சீட்டில் சிந்து, பிளாஸ்டிக் உறையைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"ரயிலைப் புடிச்சிடலாம்ல அறிவு?"

"லாரி வழி விட்டா புடிச்சிடலாம்க்கா. நீங்க?"

"நான் பஸ்ல வந்துடறேன். ஸ்டாண்டுல சோளம் விக்கிறான்."

சிந்து எதுவோ சொல்ல வாயெடுத்து, மூடி, மறுபடி திறந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து உண்ணாமலை கையை ஆட்டினாள். "அதெல்லாம் வேணாம்மா, கிளம்பு."

"அது இல்லக்கா" என்றாள் சிந்து. கண்கள் இன்னும் அகலமாகவே இருந்தன. "சாருக்கு மீசை இருக்கே! இன்டர்வியூவுல பார்த்தப்ப இல்லியே, எப்பக்கா வச்சாரு?"